குருவுக்கு உடம்பு உண்டா?

(மயிலாடுதுறையில் பள்ளி உபாத்தியாயர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பள்ளிக்கூட உபாத்தியாயர்களின் தேக சுகத்தைப் பற்றியும், வேலை செய்கிற இடத்தில் அவர்களுக்கு இருக்க வேண்டிய பாதுகாப்பைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதற்கு ஒரு கூட்டமா என்று வெளியிலே சிலர் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். "வாத்தியாருக்கு என்ன கேடு வந்தது? நிழலில் வேலை, மாதம் முடிந்தால் சம்பளம், கோடைக்கு லீவு, இதிலே உடம்பு வேறு கெட்டுப் போகிறதா?" என்று கேட்பார்கள். அதுவும் இந்தக் காவிரி பாய்கிற பூமியிலே, இடுப்பொடியச் சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்களையும், வெயிலில் நெல் மூட்டை சுமக்கிற ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே நிற்கிறவருக்காகப் பரிதாபப்படுவதா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இல்லாமலும் இல்லை. நடவுப் பெண்ணின் இடுப்பு வலியைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டம் போட வேண்டியதுதான். போட்டால் நானும் வருகிறேன். ஆனால் ஒரு தொழிலாளியின் வலியைக் காட்டி இன்னொரு தொழிலாளியின் வாயை அடைப்பது வேலை வாங்குகிறவனுடைய பழைய தந்திரம். வாத்தியாரைக் காட்டி நடவாளுக்கு இல்லை என்பான். நடவாளைக் காட்டி வாத்தியாருக்கு இல்லை என்பான். கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லை.

நிற்க, உபாத்தியாயருக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்பதையே இந்த நாடு ஏன் மறந்து போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். தாய், தகப்பன், அதற்கு அடுத்தபடி குரு, அதற்கும் அடுத்தபடி கடவுள் என்று வரிசை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் கடவுளுக்கு முந்தின இடம் கிடைத்துவிட்டதே என்று நம் உபாத்தியாயத் தோழர்கள் மகிழ்ந்து போய்விட்டார்கள். அந்த இடத்தில் உட்கார வைத்ததன் இரகசியம் அவர்களுக்குத் தெரியவில்லை. கடவுளுக்குப் பசி உண்டா? தாகம் உண்டா? கக்கூசு வேண்டுமா? தொண்டை கட்டுமா? ஒன்றும் கிடையாது. ஆகவே கடவுளுக்கு அடுத்தபடியாக இருக்கிறவருக்கும் அதெல்லாம் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். செப்டம்பர் 5-ந் தேதி ஒரு மாலை, ஒரு சந்தனக் கிண்ணம், ஒரு வாழ்த்துப் பா. மறு நாள் காலையில் அதே உடைந்த நாற்காலி.

புனிதமான பெயர் கொடுத்து வேலை வாங்குவதென்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் பேசியது அதைத்தானே! கடவுளுக்கு அடியாள் என்று ஒரு பெயரைச் சூட்டி, பொட்டுக் கட்டி, ஒரு பெண்ணின் வாழ்வையே பறித்தார்கள். அந்தப் பெயருக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை அம்மையார் 1936-ல் ஒரு நாவலாகவே எழுதிக் காட்டினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. இந்த இரண்டு கொடுமையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இது உறைபோடக் காணாது. ஆனால் பெயர் எவ்வளவுக்குப் புனிதமாகிறதோ அவ்வளவுக்கு உரிமை குறைகிறது என்கிற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

இது நான் கட்டிச் சொல்லுகிற கதையென்று நினைக்காதீர்கள். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. கோவாவில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினியை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த அம்மாள் தொழில் தகராறுச் சட்டத்தின்படி நியாயம் கேட்டுப் போனார். 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று என்றால், கல்வி போதிப்பது உன்னதமான பணி, ஆகையால் உபாத்தியாயர் அந்தச் சட்டத்திலே சொல்லப்பட்ட "தொழிலாளி" ஆகமாட்டார் என்று சொல்லிற்று. பெருமையைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2004-ல், பணிக்கொடைச் சட்டத்திலே உள்ள "ஊழியர்" என்கிற வார்த்தைக்குள்ளும் உபாத்தியாயர் வரமாட்டார் என்று தீர்ப்பாயிற்று. பார்லிமெண்டு 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படியாக உபாத்தியாயரையும் சேர்த்தது. அப்பொழுதும் தனியார் பள்ளி முதலாளிகள் விடவில்லை. அந்தத் திருத்தம் செல்லாது என்று வழக்காடி, 2022-ல்தான் தோற்றார்கள்.

இப்பொழுது புதிதாக வந்திருக்கிற சட்டத்தையும் பாருங்கள். தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமை பற்றி 2020-ல் ஒரு தொகுப்புச் சட்டம் செய்து, 2025 நவம்பர் 21-ல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் ஆரம்பத்திலேயே, மத்திய சர்க்கார் ஆபீசுகளுக்கும், மாநில சர்க்கார் ஆபீசுகளுக்கும், போர்க் கப்பல்களுக்கும் இது பொருந்தாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சர்க்கார் பள்ளிக்கூடம் ஆபீசா, போர்க் கப்பலா, அல்லது இரண்டுமில்லாத மூன்றாவதா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நம் உபாத்தியாயினிகளைக் கேட்டால், எட்டாம் வகுப்பிலே கடைசி மணி நேரம் போர்க் கப்பல்தான் என்பார்கள்.

இது இருக்கட்டும். சட்டத்தை விட்டு உடம்புக்கு வருவோம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வியாதி உண்டு என்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் ரமசினி என்பவர் 1700-லேயே தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதிலே சுரங்கக்காரர், குயவர் இவர்களோடு, குரலைக் கொண்டு பிழைக்கிறவர்களுக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். உபாத்தியாயருக்கு ஆயுதம் குரல்தான். கொல்லனுக்குச் சம்மட்டி தேய்ந்தால் வேறு சம்மட்டி வாங்கலாம். இந்த ஆயுதம் தேய்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தொண்டைக்குள்ளே இரண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. பேசும்பொழுது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. ஆணுக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்ணுக்குச் சுமார் இருநூறு தடவையும் அவை அதிர்கின்றன. ஒரு மணி நேரம் இடைவிடாமல் பெண் குரல் எழுந்தால் ஏழு லட்சம் தடவை மோதல்! கத்திப் பேசினால் மோதலும் பலமாகிறது. கலப்பை பிடித்த கையில் காய்ப்பு ஏறுகிற மாதிரி அந்த மடிப்புகளிலும் காய்ப்பு ஏறுகிறது. முதலில் சாயந்திரமானால் குரல் கம்மும். பிறகு வெள்ளிக்கிழமையானால் கம்மும். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓய்விலும் தெளியாது. நம் பள்ளிகளில் வேலை செய்கிற பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு, அவர்கள் பலவீனர்கள் என்பதல்ல காரணம். அவர்களது குரல் மடிப்பு அதிகத் தடவை மோதுகிறது என்பதே காரணம்.

அமெரிக்காவிலே அயோவா, யூட்டா என்ற இரண்டு மாகாணங்களில் 1,243 உபாத்தியாயர்களையும், மற்ற வேலை செய்கிற 1,288 பேரையும் விசாரித்து 2004-ல் கணக்கு வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது குரல் கோளாறு கண்டவர்கள் உபாத்தியாயர்களில் 100-க்கு 57 பேருக்கு மேல். மற்றவர்களில் 100-க்கு 29 பேருக்கும் குறைவு. அங்கே வகுப்பறைக்குக் கதவு உண்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு. இங்கேயோ, கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படியே 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்கள்தான். ஐந்து வகுப்பு, இரண்டு தொண்டை. ஒரு பக்கம் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். மறு பக்கம் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடக்கும். இதிலே ஒருவர் தொண்டை கட்டி லீவு போட்டால், மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். ஆகையால் அவர் லீவு போடமாட்டார். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு வந்து நிற்பார். டாக்டர் பேசாமல் இருங்கள் என்றுதான் முதல் வைத்தியம் சொல்லுகிறார். பேசாமல் இருக்க முடியாத இடத்துக்கு மறு நாள் போகிறார்.

இதற்கு வைத்தியம் இல்லாமலா இருக்கிறது? 2002-ல் அதே அமெரிக்காவில் குரல் கெட்ட உபாத்தியாயர்களைப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி கொடுத்தார்கள். ஒரு பகுதியாருக்குத் தண்ணீர் குடி, கத்தாதே என்கிற உபதேசம் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியாருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒலிபெருக்கி கட்டினவர்களுக்குக் குணம் தெரிந்தது. உபதேசம் கேட்டவர்களுக்குச் சொல்லும்படியான குணம் ஒன்றும் தெரியவில்லை. தோழர்களே, உபதேசத்தினால் தொண்டைக்கூடக் குணமாகாது என்பதை விஞ்ஞான முறையில் மெய்ப்பித்தார்கள்!

போலந்து தேசத்தில் பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் குரலை வருத்தி வேலை செய்து, தொண்டையில் காய்ப்போ தளர்ச்சியோ கண்டால், அதைத் தொழில் வியாதி என்று சட்டப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்வதற்குச் சம்பளத்தோடு லீவு உபாத்தியாயருக்கென்று தனியாகவும் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்திலே தொழில் வியாதிப் பட்டியல் ஒன்று 2025 வரை இருந்தது. ஈய விஷம் இருந்தது, சத்தத்தினால் காது கேளாமற் போவதுகூட இருந்தது; குரல் போவது இல்லை. 2021-ல் ஏற்பட்ட இன்ஷூரன்சு திட்டத்தில் சர்க்கார் உபாத்தியாயர் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்துக்கொண்டால் பணம் வரும். தொண்டை வியாதிக்காரர் படுப்பதில்லை; நின்றுகொண்டே ஊமையாகிறார்.

குரல் போனால் உபாத்தியாயருக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு வருகிறது. குரலால் அடக்க முடியாதபொழுது கை ஸ்கேலைத் தேடுகிறது. அடிக்கக்கூடாது என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லுகிறது; சொன்னது மிகவும் சரி; அடிக்கிற உபாத்தியாயருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அறுபது பிள்ளைகளையும் போன தொண்டையையும் கொடுத்துவிட்டு அன்பாக இரு என்று உத்தரவு போடுகிறவர்கள், அந்தத் தொண்டைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

இன்னொரு வேடிக்கை. ஆடி மாதம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாற்போல் அம்மன் கோவிலில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். காலை முதல் மாலை வரை பாட்டு. உள்ளே உபாத்தியாயினி அதற்கு மேலே கத்திப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறார். கோவில் ஒலிபெருக்கிக்குக் கரண்டு உண்டு, கமிட்டி உண்டு, வசூல் உண்டு. உபாத்தியாயினிக்குத் தொண்டை ஒன்றுதான் உண்டு. ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று அதிலே இருந்தது. 2017-ல் அதைத் திருத்தி, சர்க்கார் தனியாக அறிவித்தால்தான் அமைதி மண்டலம் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கே அறிவித்திருக்கிறார்கள் என்று உங்கள் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள். வாக்குக்கு அதிபதி சரஸ்வதி என்று புரட்டாசியில் பொரிகடலை வைத்துக் கும்பிடுகிறீர்களே, அந்தப் பூசைக்கு ஆகிற செலவில் பள்ளிக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கலாமே! ஏன் தோணவில்லை? குருவுக்குத் தொண்டை உண்டு என்பது தோணவில்லை.

அடுத்தாற்போல், வெளியில் பேசக் கூசுகிற ஒரு விஷயம். கூசுகிறதனால்தான் இத்தனை வருஷமாக அப்படியே இருக்கிறது. ஆகையால் நான் பேசியே தீருவேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கக்கூசு, குடிதண்ணீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கிறது. உபாத்தியாயருக்குக் கக்கூசு என்று அதிலே இல்லை. வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை என்பது மட்டும் அதே அட்டவணையில் மறக்காமல் இருக்கிறது. ஆகவே பெண் உபாத்தியாயர்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் வீட்டில் ஒரு தடவை. பிறகு சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான். இடையிலே தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலிலும் குடிப்பதில்லை. கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. மாதவிலக்கு நாட்களில் படுகிற பாடு சொல்லி முடியாது.

வேலை நேரத்தில் கக்கூசுக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெண் உபாத்தியாயர்களுக்கு மூத்திரப் பாதையில் கிருமி நோய் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது என்று 1997-ல் அமெரிக்காவில் கண்டு எழுதினார்கள். அங்கே கக்கூசு இருந்தும், வகுப்பை விட்டு நகர முடியாததால் வந்த வியாதி அது. இங்கே நகர்ந்தாலும் போக இடமில்லை. இடம் இருந்தால் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இல்லை. மூன்றும் இருந்தால் கழுவ ஆள் இல்லை. ஆள் இல்லாத குறைக்கு நம்மவர்கள் சிலர் கண்டுபிடித்த வழி மகா வெட்கக்கேடானது. 2022-ல் ஈரோடு ஜில்லாவில் ஒரு பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூசு கழுவ வைத்தார் என்ற குற்றச்சாட்டில் தலைமை ஆசிரியையைக் கைது செய்தார்கள். தன் கஷ்டத்தைத் தன்னைவிடக் கீழே இருக்கிறவன் தலையில் இறக்கி வைக்கிற புத்தி ஜாதி கொடுத்த புத்தி. உபாத்தியாயர் சங்கங்கள் அதைத் தயவு தாட்சணியமில்லாமல் கண்டிக்காத வரையில், தங்களுக்குச் சுகாதாரம் கேட்க அவர்களுக்கு யோக்கியதை குறைவுதான்.

நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்று சேலை விரித்துக் காட்டுகிற பெண்களின் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் பார்த்து, கேரளத்தில் 2018-லும் நம் நாட்டில் 2021-லும் கடைச் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் உட்கார ஆசனம் போட வேண்டுமென்று செய்தார்கள். நல்ல காரியம். பள்ளிக்கூடமோ கடை அல்லவாம். வகுப்பில் உபாத்தியாயர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வேலை செய்யவில்லை என்று எழுதுகிற அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது மெதுவாகக் கொல்லுகிற விஷயங்கள். ஒரே நாளில் கொன்றதையும் சொல்ல வேண்டும். தஞ்சை ஜில்லாக் கடற்கரையில் மல்லிப்பட்டினம் சர்க்கார் பள்ளிக்கூடத்தில், 2024 நவம்பர் 20-ந் தேதி, 26 வயதுள்ள ஒரு தற்காலிகத் தமிழ் உபாத்தியாயினியை, வேலை நேரத்தில், பள்ளிக்குள்ளேயே புகுந்து ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். அவனைக் கல்யாணம் செய்துகொள்ள அந்தப் பெண் மறுத்ததுதான் அவள் செய்த குற்றம். ஒரு பெண் எனக்கு உன்னை வேண்டாம் என்று சொல்வது அவளது பிறப்புரிமை என்று நூறு வருஷமாக நமது இயக்கம் கத்துகிறது. சொல்லுகிற பெண்ணுக்குச் சாவு என்று ஒருவன் தீர்ப்பு எழுதி, அதைப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணெதிரே அமுல் நடத்தும்படியாக இந்தத் தேசம் இருக்கிறது.

அன்றைக்கு ஊர் என்ன பேசிற்று? அந்தப் பெண்ணுக்கும் அவனுக்கும் என்ன பழக்கம் என்று பேசிற்று. வாயிற்கதவில் யார் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. வெளி ஆள் உள்ளே வந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்க ஒரு மனிதன் இருந்தானா? இது கல்யாண விவகாரம் என்று பேசினவரையில் அது ஒரு வீட்டுத் துக்கம். வேலை செய்யும் இடத்தில் ஒரு தொழிலாளி கொல்லப்பட்டாள் என்று பேசினால், வேலைக்கு வைத்தவர் பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். வேலையிடத்தில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் 19-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலையிடத்தில் வந்து பழகுகிற பிறராலும் ஆபத்து நேராதபடி பாதுகாப்பான இடமாக வைத்திருப்பது வேலைக்கு வைத்தவரின் கடமை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தச் சட்டத்தில் சர்க்கார் ஸ்தாபனத்துக்கு விலக்கு இல்லை. போர்க் கப்பல் பேச்சும் இல்லை. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஜில்லாவுக்கு ஒரு கமிட்டி. ஒருவன் பள்ளி வாசலில் வந்து நின்று தொந்தரவு செய்கிறான் என்று எழுதிக் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது என்பதாவது நம் பெண்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, டாக்டர்களுக்கு 2008-ல் பாதுகாப்புச் சட்டம் செய்த மாதிரி உபாத்தியாயர்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். வேண்டியதுதான். ஆனால் குத்தினவனுக்கு அதிக வருஷம் ஜெயில் என்பதனால் வாயிற்கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. முதலில் கதவு, பிறகு காவலாளி, பிறகு சட்டம்.

நம் ஊரில் 2024 ஏப்ரலில் சிறுத்தை வந்ததாகக் கேள்விப்பட்டவுடனே சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள் அல்லவா? காமிராவும் கூண்டும் வந்தன. சிறுத்தைக்குக் காட்டிய சுறுசுறுப்பில் நாலில் ஒரு பங்கு மனிதனுக்குக் காட்டினால் போதும்.

கட்டடத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களிடம் பேசவே நா எழவில்லை. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், கும்பகோணத்தில், 2004 ஜூலை 16-ல், ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளை அடைத்து, மேலே கீற்றுக் கூரை போட்டு, கீழே அடுப்பு மூட்டினதால் 94 குழந்தைகள் வெந்து போனார்கள். திருநெல்வேலியில் 2021 டிசம்பர் 17-ல் ஒரு பள்ளிக் கக்கூசுச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்த பிறகுதான், பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க ஊர் ஊராகக் கிளம்பினார்கள். சீர்காழியில் 2022 நவம்பர் 11-ல் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அது வடிந்த பிறகு ஈரச் சுவருக்கும் மின்சார ஸ்விச்சுக்கும் நடுவே முதலில் கதவைத் திறந்து போனவர்கள் யார்? உபாத்தியாயர்கள்தான். பிள்ளைக்கு ஆபத்தான சுவர் உபாத்தியாயருக்கும் ஆபத்தான சுவர். அந்தச் சுவரைத் தினம் பார்க்கிறவரும் அவரே. விரிசல் கண்டால் எழுதிக் கொடுக்கவும், கொடுத்தால் பழிவாங்கப்படாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருந்தால், பிள்ளைகள் பிழைப்பார்கள்.

பள்ளிக்கு வெளியே வாங்குகிற வேலை வேறு. சென்சஸ், பேராபத்து நிவாரணம், எலெக்ஷன் இம்மூன்றைத் தவிர வேறு வேலைக்கு உபாத்தியாயரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்லுகிறது. அந்த மூன்றே ஆளைக் கொல்லப் போதுமானவை. 2021 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், உத்தரப் பிரதேசத்தில் பஞ்சாயத்து எலெக்ஷன் நடத்தினார்கள். அந்த வேலைக்குப் போய் 1,621 பேர் இறந்தார்கள் என்று உபாத்தியாயர் சங்கம் பெயர்ப் பட்டியல் கொடுத்தது. சர்க்கார் மூன்று பேர் என்றது! எப்படி மூன்று என்றால், வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்புவதற்குள் செத்தால்தான் வேலையில் செத்ததாகக் கணக்காம். தொற்று நோய் உடம்பில் புகுந்து கொல்லச் சில நாளாகும் என்பது கணக்கு எழுதினவனுக்குத் தெரியாதா? ஊர் சிரித்த பிறகு விதியை மாற்றி, 30 நாளுக்குள் இறந்தவர்களையும் சேர்த்து நஷ்டஈடு கொடுத்தார்கள். சங்கம் பட்டியல் எழுதி வைத்திருந்ததனால்தான் அந்தக் குடும்பங்களுக்கு அதுவாவது கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று, நம் பக்கத்தில் மழை கொட்டுகிற மாதத்தில், வீடு வீடாக அனுப்பினார்கள். பல மாகாணங்களிலிருந்தும் அந்த வேலை செய்தவர்கள் இறந்த செய்தி வந்து, டிசம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, கூடுதல் ஆள் போட்டு வேலைப் பளுவைக் குறைக்கச் சொல்லிற்று.

இவ்வளவுக்கும் நம் உபாத்தியாயர்களிடத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்பார்கள். தொண்டை போனால் வேண்டுதல். கால் வீங்கினால் தாயத்து. ஐப்பசி வந்தால் துலாக் கட்டத்தில் முழுக்கு. அதிலும் தவறினால் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு! ஒரு மாதம் முழுக ஊர் கூடுகிற அந்தக் காவிரிக் கரையில் ஒரே ஒரு நாள் தொண்டை டாக்டரை உட்கார வைத்தால் எத்தனை பேருக்குப் பிரயோஜனம்! சென்னையில் 2024-ல் ஒரு சர்க்கார் பள்ளிக்குள்ளேயே ஒரு ஆசாமியைக் கூட்டிவந்து, அங்கஹீனம் முன் ஜன்மப் பாவத்தினால் வருவது என்று பிள்ளைகளுக்குப் பேச வைத்தார்கள். அங்கே இருந்த கண் தெரியாத ஒரு உபாத்தியாயர் எழுந்து நின்று, இதை எப்படிப் பள்ளியில் பேசலாம் என்று கேட்டார். பார்வையுள்ளவர்கள் அத்தனை பேர் இருந்த இடத்தில் அவருக்குத்தான் விஷயம் தெரிந்தது. பேசினவன் பிறகு கைதானான். முன் ஜன்மப் பாவத்தை நம்புகிற உபாத்தியாயர் சர்க்காரிடம் என்ன கேட்க முடியும்? என் பாவத்துக்கு நீ ஒலிபெருக்கி கொடு என்றா கேட்பார்?

சங்கங்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. சம்பளம், பஞ்சப்படி, பென்ஷன் என்று தீர்மானம் போடுகிறீர்கள், போட வேண்டியதுதான். தொண்டை, கக்கூசு, வாயிற்கதவு என்று எத்தனை தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்? சங்கத்தில் பெண்கள் அதிகம், மேடையில் ஆண்கள் அதிகம் என்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். தவறென்றால் மேடையில் இருக்கும் தோழர்கள் மறுத்துப் பேசலாம். தற்காலிக உபாத்தியாயர்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். 2012-ல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதி நேர உபாத்தியாயர் என்று எடுத்தார்கள்; மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதம் வயிறு லீவு எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள் போலும். மல்லிப்பட்டினத்தில் செத்த பெண்ணும் நிரந்தர வேலையில் இருந்தவர் அல்ல.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1966 அக்டோபர் 5-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் யுனெஸ்கோவும் கூட்டிய மகாநாட்டில் உபாத்தியாயர் அந்தஸ்தைப் பற்றி ஒரு சிபாரிசு நிறைவேறிற்று. அதில், காலா காலத்தில் உபாத்தியாயருக்கு இலவசமாக வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 1994 முதல் அந்த அக்டோபர் 5-ஐத்தான் உலகம் உபாத்தியாயர் தினமாகக் கொண்டாடுகிறது. நாம் செப்டம்பர் 5-ல் மாலை போட்டு முடித்துவிடுவதால், ஒரு மாதம் கழித்து வருகிற தினம் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகையால் இன்று ஒரு சிறு காரியம் செய்யக் கோருகிறேன். கணக்கு இல்லாமல் எதைக் கேட்டாலும் சர்க்கார் மூன்று பேர் என்றுதான் சொல்லும். அந்த ஓரத்தில் இருக்கிற தோழரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். பள்ளிக்கூடம் எந்தத் தாலூக்கா, வேலைக்கு வந்து எத்தனை வருஷம், இந்த வருஷத்தில் எத்தனை தடவை குரல் போயிற்று, உபாத்தியாயர்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கக்கூசு உண்டா, வாசலில் ஆள் உண்டா, எந்தச் சுவரில் விரிசல் என்று மட்டும் எழுதுங்கள். பெண்களுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அதை ஆண்கள் யாரும் பார்க்கமாட்டார்கள். மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி நான்கு தாலூக்காவுக்கும் இந்த நோட்டு போகும். வருகிற அக்டோபர் 5-ந் தேதி இதைக் கூட்டிப் பார்த்து, ஜில்லா கலெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. எழுதிவிட்டுப் போங்கள், பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.